கமலாவுக்குப் பிறகு யார்? 2028 வேட்பாளர் கணக்கு

தேவகோட்டைத் தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது: "2024-இல் கமலா ஹாரிஸ் தோற்றுவிட்டார். 2028-இல் ஜனநாயகக் கட்சி அவரையே மறுபடி நிறுத்துமா, வேறு ஆளைக் கொண்டுவருமா? எங்கள் பங்காளிகள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் நியூசம் என்கிறார், இன்னொருவர் மிஷேல் ஒபாமா என்று அடித்துச் சொல்கிறார். நியூ ஜெர்சியில் இருக்கும் எங்கள் ஆச்சியும் அத்தானும் இதில் ஓட்டுப் போட முடியுமா?"

மிஷேல் ஒபாமாவை முதலிலேயே பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். தேர்தலில் நிற்கும் எண்ணமே இல்லை என்று அவர் பலமுறை சொல்லிவிட்டார். ஒவ்வொரு தேர்தலுக்கும் அவர் பெயர் கிளம்பும், அப்புறம் அடங்கிப்போகும்.

"கட்சி யாரை நிறுத்தும்" என்று தம்பி கேட்டதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் பக்கம் அப்படிக் கேட்பது சரிதான். காரைக்குடித் தொகுதிக்கு ஆள் வேண்டுமென்றால் விருப்ப மனு வாங்குவார்கள், பணம் கட்டச் சொல்வார்கள், நேர்காணல் நடக்கும். கடைசியில் தலைமை பட்டியல் வெளியிடும். தொகுதியே கூட்டணிக் கட்சிக்குப் போயிருக்கும். மனுக் கொடுத்தவர்கள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஊர் திரும்புவார்கள். அமெரிக்காவில் கட்சித் தலைமைக்கு இந்த அதிகாரம் கிடையாது. ஜனநாயகக் கட்சியின் தேசியக் குழுவுக்குத் தலைவராக 2025 பிப்ரவரியில் கென் மார்ட்டின் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதிபர் வேட்பாளர் யார் என்பதில் அவர் சொல் செல்லாது. மாநிலம் மாநிலமாக வாக்காளர்கள் ஓட்டுப் போட்டு வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இந்த உட்கட்சித் தேர்தலுக்குப் பெயர்தான் பிரைமரி.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1968 வரை பெரிய தலைகள் அறைக்குள் உட்கார்ந்து பேசி முடிப்பதுதான் வழக்கம். அந்த வருடம் ஹூபர்ட் ஹம்ப்ரி ஒரு பிரைமரியில்கூடப் போட்டியிடாமல் சிகாகோ மாநாட்டில் வேட்பாளர் ஆனார். மாநாட்டுக்கு வெளியே போலீஸ் தடியடி, உள்ளே கூச்சல். அந்த ரகளைக்குப் பிறகுதான் விதிகளைத் திருத்தக் குழு போட்டார்கள். குழுவின் தலைவர் ஜார்ஜ் மெக்கவர்ன். அவரே புது விதிகளின்படி நின்று 1972-இல் வேட்பாளரானார், பொதுத் தேர்தலில் 49 மாநிலங்களை நிக்சனிடம் பறிகொடுத்தார்.

இன்றைய விதிப்படி ஜனநாயகக் கட்சியில் ஒரு மாநிலத்தில் 15 சதவீதம் ஓட்டாவது வாங்கினால்தான் அங்கே பிரதிநிதிகள் (கட்சி மாநாட்டில் அவருக்காக ஓட்டுப் போடுகிறவர்கள்) கிடைப்பார்கள். வாங்கியவர்கள் விகிதப்படி பங்கிட்டுக்கொள்வார்கள். 2020-இல் இப்படித் தேர்வாக வேண்டிய பிரதிநிதிகள் 3,979 பேர். 1,991 பேரைச் சேர்த்தவருக்கு வெற்றி. குடியரசுக் கட்சியில் பல மாநிலங்களில் முதலிடம் பிடித்தவருக்கே எல்லாம். 2016-இல் தென் கரோலினாவில் டிரம்ப் வாங்கியது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான ஓட்டு. ஆனால் 50 பிரதிநிதிகளும் அவருக்கே போனார்கள். ஆக, டிரம்ப் மாதிரி ஒருவர் குடியரசுக் கட்சியில் கிடுகிடுவென்று மேலே வர முடியும். ஜனநாயகக் கட்சியில் அது மெதுவான வேலை. பத்துப் பேர் நின்றால் இழுபறிதான்.

இனி கமலா. மன்னார்குடிப் பக்கத்துத் துளசேந்திரபுரத்தில் அவருக்காகப் பூஜை நடந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு அவர் மறுபடி நிற்க வேண்டும் என்ற ஆசை இருக்கும். அவருக்குப் பலம் இல்லாமலும் இல்லை. சுமார் ஏழரைக் கோடி ஓட்டு வாங்கியவர். மாநில வாரியாகக் கணக்கிட்டு அதிபரைத் தீர்மானிக்கும் தேர்வாளர் குழு வாக்குகளில் 312-க்கு 226 என்று தோற்றாலும், மக்கள் ஓட்டில் இடைவெளி ஒன்றரை சதவீதப் புள்ளிதான். 2025 ஜூலையில் கலிபோர்னியா ஆளுநர் பதவிக்கு நிற்கப் போவதில்லை என்று அறிவித்தார். செப்டம்பரில் தன் 107 நாள் பிரசாரத்தைப் பற்றிப் புத்தகம் எழுதி வெளியிட்டார். அமெரிக்க அரசியல்வாதி ஒருவர் சின்னப் பதவி வேண்டாம் என்று ஒதுங்கிப் புத்தகமும் எழுதினால், பெரிய நாற்காலி மேல் ஒரு கண் இருக்கிறது என்று அர்த்தம்.

ஆனாலும் கமலா மறுபடி வேட்பாளர் ஆவது கடினம் என்றே நினைக்கிறேன். பலரும் கவனிக்காத ஒரு விஷயம், அவர் இதுவரை அதிபர் பிரைமரி எதிலும் ஜெயித்தது கிடையாது. 2020 தேர்தலுக்கு நின்றபோது, முதல் ஓட்டு விழுவதற்கு முன்பே, 2019 டிசம்பரில் விலகிவிட்டார். 2024-இல் பிரைமரிகளை ஜெயித்தவர் பைடன். ஜூலை 21-ஆம் தேதி அவர் விலகிய பிறகு பிரதிநிதிகள் கமலாவை ஏற்றுக்கொண்டார்கள். கட்சிக்குள் பத்துப் பேரோடு மோதி ஓட்டு வாங்கும் வேலையை அவர் இனிமேல்தான் முதன்முதலாகச் செய்ய வேண்டும்.

வரலாறும் அவருக்கு உதவாது. சிவகங்கையில் 1999-இல் தோற்ற ப. சிதம்பரம் 2004-இல் அதே தொகுதியில் ஜெயித்து நிதியமைச்சர் ஆனார். தோற்றவர் திரும்பி வருவது நமக்குச் சாதாரண விஷயம். அமெரிக்காவில் அதிபர் தேர்தலில் தோற்றவரை அடுத்த தேர்தலிலேயே ஜனநாயகக் கட்சியினர் மறுபடி நிறுத்தியது கடைசியாக 1956-இல்தான். அட்லாய் ஸ்டீவன்சன் 1952-இல் 89 தேர்வாளர் வாக்கு வாங்கினார், இரண்டாம் தடவை அது 73 ஆகக் குறைந்தது. அதற்குப் பிறகு தோற்ற ஹம்ப்ரி 1972-இல் முயன்றார், நடக்கவில்லை. அல் கோர், ஜான் கெர்ரி இருவரும் அடுத்த தேர்தலில் நிற்கவே இல்லை. தோற்ற துணை அதிபர் வேட்பாளர்களுக்கும் பெரும்பாலும் இதே கதிதான். எட்மண்ட் மஸ்கி, லீபர்மன், எட்வர்ட்ஸ் என்று வரிசையாக முயன்று விழுந்திருக்கிறார்கள். 2024-இல் துணை அதிபருக்கு நின்ற டிம் வால்ஸுக்கும் இதனாலேயே நான் பெரிய வாய்ப்புத் தரமாட்டேன்.

சரி, கமலா இல்லையென்றால் யார்? தோல்விக்குப் பிறகு பத்திரிகைகள் போடும் பட்டியல் எவ்வளவு மோசமாகப் பொய்த்திருக்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். 1972 தோல்விக்குப் பிறகு ஜிம்மி கார்ட்டர் பெயரை யாரும் சொல்லவில்லை. 2004 நவம்பரில் கெர்ரி தோற்றபோது ஒபாமா இலினாய் மாநிலச் சட்டமன்றத்தில் இருந்தார், அப்போதுதான் செனட்டுக்குத் தேர்வாகியிருந்தார். அடுத்தது ஹிலரிதான் என்று எல்லோரும் எழுதினார்கள். 2012-இல் ராம்னி தோற்றதும் குடியரசுக் கட்சிப் பட்டியலில் ஜெப் புஷ், ரூபியோ, கிறிஸ்டி எல்லோரும் இருந்தார்கள். டிரம்பைப் பொருட்படுத்தியவர் கிடையாது. 1991 இன்னும் சுவாரசியம். வளைகுடாப் போர் முடிந்த சூட்டில் மூத்த புஷ்ஷுக்கு ஆதரவு 90 சதவீதத்தைத் தொட்டதால் பெரிய பெயர்கள் ஒதுங்கிக்கொண்டன. நியூயார்க் ஆளுநர் மரியோ குவோமோ மட்டும் நிற்கலாமா வேண்டாமா என்று டிசம்பர் வரை ஊசலாடினார். மனுச் செய்ய அவரை நியூ ஹாம்ப்ஷயருக்குக் கூட்டிப்போக விமானம் தயாராக நின்றது. அவர் ஏறவில்லை. ஆர்க்கன்சாஸ் என்ற சின்ன மாநிலத்தின் ஆளுநர் பில் கிளிண்டனுக்கு வழி திறந்தது.

அதனால் கருத்துக் கணிப்பில் இன்று யார் முதலிடம் என்பதை நான் அதிகம் பார்ப்பதில்லை. தோற்ற கட்சிக்காரர்கள் பயத்தில் இருக்கிறார்களா, கோபத்தில் இருக்கிறார்களா என்று பார்ப்பேன். பயந்திருந்தால் பாதுகாப்பான ஆளைத் தேடுவார்கள். கோபத்தில் இருந்தால் சண்டைக்காரரைத் தேடுவார்கள். பயம் பெரும்பாலும் எப்போது வருகிறது என்றால், பதவியில் உட்கார்ந்திருக்கும் அதிபரையே எதிர்த்து நிற்கும்போது. 2004-இல் இளைய புஷ்ஷை எதிர்க்க வேண்டும். ஜனநாயகக் கட்சியினர் ஈராக் போரை எதிர்த்து முழங்கிய ஹோவர்ட் டீனை விட்டுவிட்டுப் போர் வீரர் கெர்ரியைப் பிடித்தார்கள். 2012-இல் ஒபாமாவுக்கு எதிராக ராம்னி. 2020-இல் டிரம்புக்கு எதிராக பைடன். மூவரும் "இவர் நின்றால் ஜெயிக்கலாம்" என்ற கணக்கில் வந்தவர்கள். பதவியில் இருப்பவர் நிற்க முடியாத தேர்தல்களைப் பாருங்கள்: 2008-இல் ஒபாமா, 2016-இல் டிரம்ப். இருவருமே கட்சித் தலைமை எதிர்பார்க்காதவர்கள், தலைமையின் மேல் தொண்டர்களுக்கு இருந்த கோபத்தில் ஏறி வந்தவர்கள்.

இதற்கு விலக்கும் உண்டு. 1964-இல் கோல்ட்வாட்டர், 1972-இல் மெக்கவர்ன் இருவரும் பதவியில் இருந்த அதிபருக்கு எதிராகக் கோபத்தில் தேர்வானவர்கள். இருவரும் படுதோல்வி அடைந்தார்கள். காலி நாற்காலிக்குப் போட்டி நடந்த 2000-இல் இளைய புஷ் பாதுகாப்பான ஆள்தான். 2024-இல் டிரம்ப் மறுபடி வந்ததும் இந்தக் கணக்கில் அடங்காது. ஆனால் அவர் கட்சிக்காரர்களில் பெரும்பாலோர் 2020-இல் தோற்றதையே ஒப்புக்கொள்ளவில்லை. தோற்கவே இல்லை என்று நம்புகிறவனுக்குப் பயம் எங்கிருந்து வரும்?

2028-இல் டிரம்ப் நிற்க முடியாது. அரசியல் சட்டத்தின் 22-ஆவது திருத்தம் இரண்டு முறைக்கு மேல் அதிபராகத் தேர்வாவதைத் தடுக்கிறது. எதிரே துணை அதிபர் ஜே.டி. வான்ஸ் இருக்கலாம், வேறு யாராவதும் இருக்கலாம். எப்படியும் நாற்காலி காலி. பயத்துக்குக் காரணம் குறைவு, கோபத்துக்குக் குறைவில்லை. தோல்விக்குக் காரணம் என்ன என்று ஆராய்ந்த அறிக்கையை வெளியிடப் போவதில்லை என்று 2025 டிசம்பரில் மார்ட்டின் அறிவித்தது, தலைமை மேல் இருந்த எரிச்சலை இன்னும் கிளறிவிட்டது. வெளியிட்டிருந்தாலும் பெரிய பலன் இருந்திருக்காது என்பது என் எண்ணம். 2013-இல் குடியரசுக் கட்சி இப்படி ஒரு அறிக்கை போட்டது. குடியேறிகளிடம் இணக்கமாகப் போக வேண்டும், குடியேற்றச் சட்டத்தைச் சீர்திருத்த வேண்டும் என்று அதில் எழுதியிருந்தார்கள். மூன்றே வருடத்தில் எல்லையில் சுவர் கட்டுவேன் என்றவரை அதே கட்சி வேட்பாளராக்கியது.

இந்தக் கண்ணோடு பெயர்களைப் பார்த்தால், கலிபோர்னியா ஆளுநர் கேவின் நியூசம் முன்னால் நிற்பதன் காரணம் புரியும். 2025-இல் டெக்சாஸ் தன் தொகுதி எல்லைகளைக் குடியரசுக் கட்சிக்குச் சாதகமாக மாற்றியதும், பதிலுக்குத் தன் மாநில எல்லைகளை மாற்ற அவர் மக்களிடம் அனுமதி கேட்டார். நவம்பர் 4-ஆம் தேதி வாக்கெடுப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மக்கள் ஆதரித்தார்கள். அது நியாயமா என்பது வேறு விவாதம். என்னைக் கேட்டால் இரண்டு மாநிலமும் செய்தது தப்புத்தான். ஆனால் திருப்பி அடிக்கத் தெரிந்தவர் என்ற பெயர் அவருக்கு அன்றைக்குக் கிடைத்துவிட்டது. இலினாய் ஆளுநர் பிரிட்ஸ்கரும் இதே ரகம். ஆனால் அவர் ஹையாட் ஓட்டல் குடும்பத்துக் கோடீஸ்வரர். பணக்காரர்கள் ஆட்சி என்று டிரம்பைத் திட்டும் கட்சி ஒரு பணக்காரரையே நிறுத்துமா என்பது கேள்வி.

இந்தச் சண்டைக்காரர்களுக்கு எதிர்ப்பக்கத்தில், அதே கட்சியின் பாதுகாப்பான ஆட்கள். கென்டக்கியில் டிரம்ப் 2024-இல் 30 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார். அதே மாநிலத்தில் ஆண்டி பெஷியர் இரண்டு முறை ஆளுநராகத் தேர்வாகியிருக்கிறார். (அவருடைய அப்பாவும் அங்கே ஆளுநராக இருந்தவர். வாரிசு அரசியல் நமக்கு மட்டும் சொந்தமில்லை.) பென்சில்வேனியாவின் ஜோஷ் ஷபிரோ 19 தேர்வாளர் வாக்கு உள்ள மாநிலத்தைக் கையில் வைத்திருக்கிறார். கமலா துணை வேட்பாளராக இவரை எடுக்காமல் வால்ஸை எடுத்தது தப்பு என்று இன்றும் வாதாடுகிறவர்கள் உண்டு.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஆளுநர் என்றதும் ஆளுநர் மாளிகையில் உட்கார்ந்து மசோதாவைக் கிடப்பில் போடுகிறவரை நினைக்காதீர்கள். அமெரிக்க ஆளுநர் மக்கள் ஓட்டில் வருகிறவர், பட்ஜெட் போடுகிறவர், கிட்டத்தட்ட நம் முதலமைச்சர். கார்ட்டர், ரீகன், கிளிண்டன், இளைய புஷ் எல்லோரும் ஆளுநராக இருந்து வந்தவர்கள். மாறாக, நம் மக்களவை மாதிரியான பிரதிநிதிகள் சபையில் உறுப்பினராக இருந்து நேரே அதிபரானவர் 1880-இல் ஜெயித்த கார்ஃபீல்டு ஒருவர்தான். அந்தச் சபையில் இருக்கும் அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ கோர்ட்டெஸுக்கும் ரோ கன்னாவுக்கும் இது பெரிய தடை. ஒகாசியோ கோர்ட்டெஸுக்குக் கூட்டம் கூடுகிறது, 2028-இல் 39 வயதுதான் ஆகியிருக்கும். அதே ஆண்டு நியூயார்க்கில் சக் ஷூமரின் செனட் இடமும் தேர்தலுக்கு வருகிறது. ஒகாசியோ கோர்ட்டெஸ் அதற்குப் போனால் புத்திசாலித்தனம் என்பேன்.

கோபம், பயம் எல்லாவற்றையும் தாண்டி எந்த மாநிலம் முதலில் ஓட்டுப் போடுகிறது என்பதும் ஆளை மாற்றிவிடும். பல காலமாக முதல் ஓட்டு அயோவாவில் விழுந்தது. அங்கே காகஸ் முறை. நகரச் சிவன் கோயிலில் ஊர் கூடிப் பேசுவதுபோல அக்கம்பக்கத்தார் ஒரு கூடத்தில் கூடி, தன் ஆளுக்காக ஒரு மூலையில் போய் நிற்பார்கள், தலையை எண்ணுவார்கள். 2020-இல் அங்கே முடிவு சொல்லவே நாள்கணக்காகக் குழம்பியது. 2024-க்கு ஜனநாயகக் கட்சி தென் கரோலினாவை முதலில் வைத்தது. 2028-க்கு முதல் வரிசை வேண்டும் என்று மாநிலங்கள் தேசியக் குழுவிடம் மல்லுக்கட்டுகின்றன.

தென் கரோலினா ஏன் முக்கியம்? அங்கே ஜனநாயகக் கட்சிப் பிரைமரியில் ஓட்டுப் போடுகிறவர்களில் பாதிக்கு மேல் கறுப்பின மக்கள். 2020-இல் பைடன் அயோவாவில் நான்காவது, நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாவது. கதை முடிந்தது என்று எழுதிவிட்டார்கள். தென் கரோலினாவில் மூத்த தலைவர் ஜிம் கிளைபர்ன் அவருக்கு ஆதரவு சொன்னார். பிப்ரவரி 29-இல் பாதி ஓட்டை வாரிக்கொண்டார் பைடன். மூன்றே நாளில், போட்டியில் இருந்த பீட் புட்டிஜெஜ், ஏமி குளோபுச்சர் இருவரும் விலகி அவர் பக்கம் வந்துவிட்டார்கள். புட்டிஜெஜ் பேச்சில் கெட்டிக்காரர், அயோவாவில் பிரதிநிதிக் கணக்கில் பைடனையும் இன்னொரு போட்டியாளர் பெர்னி சாண்டர்ஸையும் தாண்டியவர். ஆனால் கறுப்பின மக்களிடம் அவருக்கு ஓட்டே விழவில்லை. அதை மாற்றாமல் மறுபடி நின்றால் அதே சுவரில்தான் முட்டிக்கொள்வார். நியூசமும் அங்கே இன்னும் சோதிக்கப்படாதவர். கமலாவுக்கு ஏதாவது வழி இருக்கிறது என்றால் அது இந்த மாநிலம் வழியாகத்தான்.

ஒரே பெயர் சொல்லியே ஆக வேண்டும் என்று தம்பி மடக்கினால், நாற்காலி காலி என்ற ஒரே காரணத்துக்காக நியூசம் பக்கம் சாய்வேன். ஆனால் இந்தப் பட்டியலிலேயே இல்லாத ஒருவர் வருவதற்கு அதைவிட வாய்ப்பு அதிகம் என்றும் சேர்த்துச் சொல்வேன். 2026 நவம்பர் நாடாளுமன்ற இடைக்காலத் தேர்தலில் கட்சி நன்றாக ஜெயித்தால் சண்டைக்காரர்களின் கை ஓங்கும். அங்கேயும் சறுக்கினால் பயம் திரும்பி வரும். அப்போது பெஷியர், ஷபிரோ பெயர்கள் மேலே ஏறும்.

நம்ம ஆள் யாராவது உண்டா என்றும் குழுவில் கேட்டிருக்கிறார்களாம். சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபால், டெல்லியில் பிறந்த தமிழர் ராஜா கிருஷ்ணமூர்த்தி இருவரும் அதிபராக முடியாது. பிறப்பிலேயே அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர்தான் ஆகலாம். உகாண்டாவில் பிறந்த நியூயார்க் மேயர் மம்தானிக்கும் இதே கதை. ரோ கன்னா பிலடெல்பியாவில் பிறந்ததால் தகுதி உண்டு, ஆனால் அவர் குடும்பம் பஞ்சாப். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்து விவேக் ராமசாமிக்கும் தகுதி உண்டு. ஆனால் அவர் இருப்பது குடியரசுக் கட்சியில்.

கடைசியாக ஆச்சியும் அத்தானும். குடியுரிமை வாங்கியிருந்தால் மட்டுமே ஓட்டு. நியூ ஜெர்சியில் கட்சி எதிலும் பதியாதவர்கள் பிரைமரி அன்றைக்கே வாக்குச்சாவடியில் கட்சியைச் சொல்லிப் போடலாம்; ஏற்கெனவே மற்ற கட்சியில் பதிந்தவர்கள் 55 நாளைக்கு முன்பே மாற்றிக்கொள்ள வேண்டும். இன்னொரு சங்கடம்: அந்த மாநிலத்தில் 2016-இலும் 2024-இலும் பிரைமரி ஜூனில்தான் நடந்தது. அதற்குள் வேட்பாளர் யாரென்று ஏறக்குறைய முடிவாகியிருக்கும். ஓட்டைவிட முன்கூட்டியே கொடுக்கும் நன்கொடைக்கு அங்கே செல்வாக்கு அதிகம். கிரீன் கார்டு வைத்திருப்பவர்கூட ஓட்டு இல்லாவிட்டாலும் சட்டப்படி நன்கொடை கொடுக்கலாம். எச்-1பி விசாவில் இருக்கும் பங்காளிகள் ஒரு டாலர்கூடக் கொடுக்கக் கூடாது. தேவகோட்டையிலிருந்து நீங்களும் அனுப்பக் கூடாது.